செங்கல்லில் எழுந்த பேட்டை

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், பெரும்பாலும் அதன் மாளிகைகளையும் மன்றங்களையும் ஆட்சியாளர்களையும் பற்றியே எழுதுவர். அந்நகரம் எந்த அச்சத்திலிருந்து தன்னைக் காத்துக்கொண்டு வளர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நெருப்புக்கும் நீருக்கும் நோய்க்கும் அஞ்சிய மக்கள் எடுத்த முயற்சிகளே பல நகரங்களின் தெருக்களையும் வீடுகளையும் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தன. இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக விளங்குவது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரமாகும். செங்கல் விளைந்த களம் என்று பொருள்படும் அப்பெயரிலேயே ஒரு பேரழிவின் நினைவும், அதிலிருந்து மீண்டெழுந்த மக்களின் உழைப்பும் அடங்கிக் கிடக்கின்றன.

ஆற்றங்கரையில் ஓர் அத்தாப்பு நகரம்

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் கோலாலம்பூர் தோன்றியது. 1857ஆம் ஆண்டில், கிள்ளான் பகுதியை ஆண்ட ராஜா அப்துல்லா, ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியே அனுப்பினார். அவர்கள் படகு செல்லக்கூடிய எல்லை வரை வந்து, அங்கே இறங்கி, அம்பாங் காட்டுக்கு நடந்து சென்றனர். அவர்களுள் மிகப் பலர் சில திங்களுக்குள் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாயினர். எனினும் ஈயம் கிடைத்தது. அதனைத் தொடர்ந்து மேலும் ஆட்கள் வந்தனர். அவர்களுக்கு அரிசியும் கருவிகளும் விற்கக் கடைகள் எழுந்தன. பொருள் இறக்கும் துறையாகத் தொடங்கிய இடம் ஊராயிற்று.

அவ்வூரின் வீடுகள் மரத்தாலும் மூங்கிலாலும் ஆனவை. கூரைகள் அத்தாப்பு ஓலையால் வேயப்பட்டவை. நீப்பா எனும் நீர்ப்பனையின் ஓலையை மடித்துத் தைத்து உலர்த்தினால் அத்தாப்புக் கிடைக்கும். விலை மலிவு, வேய்வது எளிது, வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால், சில நாள் வெயில் காய்ந்தால் அது நெருப்புக்கு ஏற்ற விறகாகிவிடும். எரியும் ஓலைத் துண்டு காற்றில் பறந்து அடுத்த கூரையில் விழுந்தால் போதும். ஒரு வீட்டின் தீ ஒரு தெருவின் தீயாகும். வீடுகளோ ஒன்றையொன்று ஒட்டி நின்றன. வீட்டுக்குள் விறகடுப்பும் எண்ணெய் விளக்கும் இரவு பகலாக எரிந்தன. இத்தகைய ஊர் எரியாமல் இருந்த நாளெல்லாம் நல்வினை நாளே எனலாம்.

1867ஆம் ஆண்டு முதல் 1874ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் கோலாலம்பூர் பெரும் அழிவுக்கு உள்ளாயிற்று. 1872இல் பகைவர் கைப்பட்ட ஊர், மறு ஆண்டில் மீட்கப்பட்டபோது வெறும் சாம்பல் மேடாகவே எஞ்சியிருந்தது. சீன சமூகத்தின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய், கடன்பட்டும் ஆள் திரட்டியும் அதனை மறுபடி கட்டி எழுப்பினார். ஆயினும் அவர் எழுப்பிய ஊரும் மரமும் ஓலையுமாகவே இருந்தது. வேறு வகையில் கட்டுவதற்கு அன்று பொருளும் இல்லை. பொருள் இருந்திருப்பினும் செங்கல் இல்லை.

1881: தீயும் வெள்ளமும்

1880ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. ஈய விலை உயர்ந்திருந்த காலம் அது. வணிகர் வருகை மிகுந்தது; ஊர் நெருங்கிற்று. நெருக்கத்தோடு இடரும் பெருகிற்று.

1881ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஊரைப் பெருந்தீ சூழ்ந்தது. அபின் கடை ஒன்றில் கவிழ்ந்த எண்ணெய் விளக்கே அதற்குக் காரணம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. காரணம் எதுவாயினும், விளைவில் ஐயமில்லை. ஊரின் பெரும்பகுதி ஒரே நாளில் கரிந்தது. மக்கள் மீண்டும் ஓலையும் கழியும் தேடிக் குடிசை போட்டனர். அவ்வாண்டு முடியுமுன், டிசம்பர்த் திங்களில், ஆறு கரை கடந்தது. தீ விட்டு வைத்ததை வெள்ளம் வாரிச் சென்றது. ஓர் ஆண்டின் தொடக்கத்தில் நெருப்பும் முடிவில் நீரும் என இரு பேரிடர்கள் அவ்வூரைத் தாக்கின.

தீயின் பின் ஓலை, வெள்ளத்தின் பின்னும் ஓலை என்று எத்தனை முறை கட்டுவது? இக்கேள்வியே பிரிக்பீல்ட்ஸின் வரலாற்றுக்குத் தோற்றுவாய். 1882ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். 1884ஆம் ஆண்டு வாக்கில் அது விதியாக நடைமுறைக்கு வந்தது. தீயணைக்கும் பணிக்கென 1883ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரில் தொண்டர் படை ஒன்றும் அமைந்தது. எச்.எப். பெல்லமி என்பார் அதற்குத் தலைமை ஏற்றார். தொடக்கத்தில் பதினைவர் அதில் பணியாற்றினர். இன்றைய மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை தன் வரலாற்றை அப்படையிலிருந்தே தொடங்குகிறது.

விதி எழுதுவது எளிது. அதனை நிறைவேற்றச் செங்கல் வேண்டுமே! அக்குறையை நிறைவு செய்ய முன்வந்தவரும் யாப் ஆ லோய்தான். நகரின் தென்புறத்தே, நல்ல களிமண் கிடைத்த பரந்த நிலத்தைப் பெற்று, அங்கே செங்கல் தொழிலை நிறுவினார். 1885இல் அவர் மறைந்தபோது, அவர் ஓலையால் கட்டிய ஊர் செங்கல் ஊராக மாறத் தொடங்கியிருந்தது. சூளைகள் புகைந்த நிலம் பிரிக்பீல்ட்ஸ் என்றே பெயர் பெற்றது. சீனர் அவ்விடத்தைப் பதினைந்தாம் மைல்கல் என்று பொருள்படும் பெயரால் இன்றளவும் வழங்குகின்றனர்.

செங்கல் செய்த மாற்றம்

செங்கல் ஒரு கட்டடப் பொருள் மட்டுமன்று. அது ஒரு காவலும் ஆகும். களிமண்ணைத் தோண்டி, கல்லும் வேரும் நீக்கி, நீர்விட்டு மிதித்துப் பிசைந்து, அச்சிலிட்டு வார்த்து, நிழலில் உலர்த்திப் பின் சூளையில் அடுக்கிப் பல நாள் சுடுவர். ஏற்கெனவே தீயில் வெந்த பொருளாதலால், அது மறுபடியும் தீப்பற்றுவதில்லை. இரு கடைகளுக்கு நடுவே கூரைக்கு மேலும் உயர்ந்து நிற்கும் செங்கற்சுவர், ஒரு வீட்டின் நெருப்பை அடுத்த வீட்டுக்குத் தாவவிடாமல் தடுத்தது. களிமண் ஓடு பறக்கும் பொறியை ஏற்பதில்லை. தெருக்கள் அகலமாக அமைந்தமையால், எதிர்ச்சாரிக்குத் தீ எட்டுவது அரிதாயிற்று. மக்கள் அஞ்சடி என்று அழைக்கும் ஐந்தடி நடைவழி, வெயிலிலும் மழையிலும் நடப்போருக்குத் துணையாயிற்று. வண்டிகளின் இடையே நடக்க வேண்டிய இடரும் குறைந்தது. பழைய கடைவீடுகளைக் காணும் மாணவர் அவற்றின் அழகை மட்டுமன்றி, இப்பாதுகாப்பு அறிவையும் உணர்தல் நன்று.

இம்மாற்றத்தின் விரைவுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஓலைக் குடிசைகள் எரிந்த ஆண்டுக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1897இல், அந்நகரிலேயே அரசாங்கத் தலைமையகக் கட்டடம் நிறைவுற்றது. இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எனப்படும் அம்மாளிகைக்கு ஏறத்தாழ 40 இலட்சம் செங்கற்கள் செலவாயின எனக் கணக்குக் கூறுகிறது. அக்கணக்கு ஏட்டில் செங்கற்களின் எண்ணிக்கை உண்டு. அவற்றைப் பிசைந்து சுட்டுச் சுமந்தோரின் எண்ணிக்கை இல்லை. நகரத்தைக் காத்த கைகள் நகரத்தின் ஏட்டில் இடம்பெறாமற் போவது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒன்றாகும்.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. செங்கல் விதி ஏழைக்கும் செல்வர்க்கும் ஒன்றுபோல் எளிதாக இருக்கவில்லை. ஓலை வேய்ந்து குடியிருந்தவன் ஓட்டு வீட்டின் வாடகையைக் கொடுக்க வல்லவனல்லன். நகர நடுவில் செங்கல் ஓங்க ஓங்க, பலகை வீடும் ஓலைக் கூரையும் நகரின் ஓரங்களுக்கு ஒதுங்கின. பாதுகாப்பு வந்தது; ஆனால், அது எல்லார் வாயிலுக்கும் ஒரே வேளையில் வரவில்லை. இவ்வேறுபாடு பின்வந்த நூறாண்டிலும் தொடர்ந்தது.

இருப்புப் பாதையும் தமிழரும்

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் வழியாகச் சென்ற அப்பாதை, அவ்வட்டாரத்தின் தலைவிதியை மாற்றிற்று. சூளைகள் இருந்த இடத்தருகே இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெருங்களமும், தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. களிமண்ணின் பேட்டை இரும்பின் பேட்டையாயிற்று.

இரும்போடு தமிழரும் வந்தனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மண் வெட்டிக் கரை உயர்த்தினர். சரளை கொட்டிச் சிலிப்பர் கட்டை பரப்பித் தண்டவாளம் பூட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்று வந்தோர் கிராணிகளாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியேற்றனர். ஒரே மொழி பேசிய இவ்விரு சாராரும் ஒரே பேட்டையில் வாழ்ந்தும், வேறு வேறு தெருக்களிலும் வேறு வேறு ஊதியத்திலும் வாழ்ந்தனர் என்பதனை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. எனினும், இரவில் வரும் வண்டியைக் கைகாட்டி இறக்கிக் காத்தவனும், பகலில் பாதையைச் சம்மட்டியால் தட்டிச் சோதித்தவனும் இல்லையேல், மலாயாவின் ஈயமும் இரப்பரும் துறைமுகம் சேர்ந்திரா. அந்நாளைய பொதுப் பாதுகாப்பின் பெரும்பகுதி இவ்விருவர் கையிலேயே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்கென இரண்டு மாடி வரிசை வீடுகள் கட்டப்பட்டன. அவை நூறு குவார்ட்டர்ஸ் என்றே வழங்கப்பட்டன. பேட்டையில் வழிபாட்டிடங்களும் பல்கின. 1894இல் சிங்களப் பௌத்தர் சங்கம் அமைத்து விகாரை எழுப்பினர். ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத் தமிழர் கந்தசுவாமி கோயிலை நிறுவினர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. அதனோடு கல்விப் பணியும் வளர்ந்தது. கிறித்தவக் கோயில்களும் பள்ளிவாசலும் அருகருகே அமைந்தன. ஒரு தெருவின் மணியோசையும் மறு தெருவின் பாங்கொலியும் கலந்து கேட்கும் பேட்டையாக அது திகழ்ந்தது. ஊழியர் பணம் சேர்த்துக் கட்டிய இந்நிறுவனங்களே, நோய், இறப்பு, வேலையிழப்பு ஆகிய இடர்களில் மக்களுக்கு முதல் துணையாக நின்றன.

இரண்டாம் உலகப் போரில் இருப்புப் பாதையே பேட்டைக்கு அச்சமாயிற்று. 1945ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சப்பானியர் கையிலிருந்த இரயில் களத்தைக் குறிவைத்து நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. அவற்றுள் சில குறி தவறி அருகிலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியை அழித்தன. 1963இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகம் நிற்பது அவ்விடத்தில்தான். களத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் ஒவ்வொரு விமான ஓசையையும் எவ்வாறு கேட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் அரிதன்று.

மீண்டும் நீர்

செங்கல் நெருப்பை வென்றது, ஆற்றை வெல்லவில்லை. 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் கோலாலம்பூரை மூழ்கடித்தது. 1971ஆம் ஆண்டு சனவரியில் பெய்த அடைமழையில் கிள்ளான் ஆறு மீண்டும் பொங்கிற்று. 32 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். ஆற்றோரத் தாழ்நிலங்களிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தோரின் துயரே மிகுதி. முன்னாளில் ஓலைக் கூரையோடு ஓரத்துக்கு ஒதுங்கிய அதே வகை மக்களே, நீர் வந்தபோதும் முதலில் நனைந்தனர்.

அவ்வெள்ளத்திற்குப் பின்னரே வெள்ளத் தடுப்பு நாட்டின் கடமைகளுள் ஒன்றாகப் பெரிதும் கருதப்பட்டது. ஆறுகள் அகலப்படுத்தப்பட்டன. 1958இல் கட்டப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையோடு, 1987இல் பத்து அணையும் சேர்ந்தது. 2007இல் ஸ்மார்ட் எனப்படும் சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கத்தின் ஒரு பகுதி, நாள்தோறும் வண்டிகள் செல்லும் சாலை. பெருமழை நாளில் வண்டிகளை நிறுத்தி, அதே வழியே வெள்ளத்தைத் திருப்பிவிடலாம். அறிவியலின் திறம் வியக்கத்தக்கதே. ஆயினும், மேட்டில் காடழிந்து கட்டடம் பெருகும்தோறும் ஆற்றுக்கு வரும் நீரும் பெருகும் என்பதை எந்தச் சுரங்கமும் மாற்றிவிட முடியாது.

வளர்ச்சியின் புது முகம்

1972ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் கோலாலம்பூர் மாநகரத் தகுதி பெற்றது. பேட்டையின் முதன்மைச் சாலையான பிரிக்பீல்ட்ஸ் சாலை, 1979இல் மறைந்த அமைச்சர் துன் சம்பந்தனின் பெயரைப் பின்னர்த் தாங்கிற்று. பழைய இரயில் களத்தில், ஏறத்தாழ 72 ஏக்கர் பரப்பில், கே.எல். சென்ட்ரல் எழுந்து 2001இல் இயங்கத் தொடங்கியது. 2003இல் மோனோரயில் சாலையின் மேலே ஓடியது. 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் கூடி அவ்வட்டாரத்தை லிட்டில் இந்தியாவாகத் தொடங்கி வைத்தனர். வளைவுகளும் வண்ண விளக்குகளும் நீரூற்றும் வந்தன. சாலைகளின் போக்கும் மாற்றப்பட்டது.

புதுமை வேண்டாம் என்பார் எவருமிலர். ஆனால், அதன் விலையைக் கொடுத்தவர் யாவர் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும். மூன்று தலைமுறை இரயில்வேக் குடும்பங்களைக் கண்ட நூறு குவார்ட்டர்ஸ் 2010களில் இடிக்கப்பட்டது. விவேகானந்த ஆசிரமத்தின் நிலத்தில் உயர்மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் வெளிப்பட்டபோது, மக்கள் கிளர்ந்து எதிர்த்தனர். 2016இல் அது பாரம்பரியக் கட்டடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஒரு கட்டடம் நின்றது. ஒரு குடியிருப்பு மறைந்தது. நின்றதற்காகக் குரல் கொடுத்தோர் பலர். மறைந்ததற்காகப் பேசியோர் சிலர். கோயிலையும் ஆசிரமத்தையும் மரபெனக் காணும் கண், ஊழியன் உறங்கிய வீட்டையும் மரபெனக் காணத் தயங்குகிறது.

பேட்டையின் பாதுகாப்பை அளக்க ஓர் அளவுகோல் அப்பேட்டையிலேயே உண்டு. 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே இயங்குவதால், வெண்கோல் ஏந்தியோர் பலர் அத்தெருக்களில் நடமாடுகின்றனர். அவர்களுக்கெனக் காலால் உணரத்தக்க மேடுகள் கொண்ட கற்கள் நடைபாதைகளில் பதிக்கப்பட்டுள்ளன. அக்கல்லின் மேல் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், அது கண்ணுள்ளோர்க்குச் சிறு இடையூறு. கண்ணில்லார்க்கோ வழியே அறுந்து போகிறது. வானளாவும் கட்டடத்தின் உயரத்தைக் காட்டிலும், பார்வையற்ற ஒருவர் தடுமாறாமல் சாலையைக் கடக்கிறாரா என்பதே ஒரு நகரின் வளர்ச்சியை அளக்கும் நேரிய அளவு.

வரலாறு கற்பிப்பது

பிரிக்பீல்ட்ஸின் நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு முறைமை புலனாகும். காவல் எப்போதும் அழிவுக்குப் பின்னரே வந்தது. ஊர் எரிந்த பின் செங்கல். ஊர் மூழ்கிய பின் அணை. வீடுகள் மறையத் தொடங்கிய பின் மரபு பற்றிய விழிப்பு. முன்னதாகவே சிந்தித்திருப்பின் இழந்தவற்றுள் பல இழக்கப்பட்டிரா. இழந்தோரும் பெரும்பாலும் ஒரே வகையினர்: ஓலைக் குடிசையில் இருந்தவர், ஆற்றோரத்தில் இருந்தவர், அரசு குவார்ட்டர்ஸில் இருந்தவர், சொந்த நிலம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமற்றவர்.

இவ்வரலாறு பாடநூலில் ஒரு வரியாக முடிந்துவிடலாகாது. தமிழாசிரியர் தம் மாணவரை அவரவர் வாழும் தெருவுக்கே அழைத்துச் சென்று, அதன் பெயர் எங்கிருந்து வந்தது, அதன் கால்வாய் எங்கே செல்கிறது, அதன் பழைய சுவரைக் கட்டியவர் யாவர் என்று வினவச் செய்யலாம். முதியோர் வாய்மொழியை எழுதி வைக்கும் பணியையும் மாணவரிடம் ஒப்படைக்கலாம். இடிந்த வீட்டை மீண்டும் கட்ட இயலாது. அதில் வாழ்ந்தோரின் நினைவை எழுதிக் காக்க இயலும்.

சூளைகள் அணைந்து நெடுங்காலமாயிற்று. அவற்றில் வெந்த செங்கற்கள் எந்தச் சுவரில் இருக்கின்றன என்று இன்று பிரித்துக் காட்ட எவராலும் இயலாது. ஆயினும், அப்பேட்டையின் பெயரைச் சொல்லும்தோறும் அச்சொல்லே சாட்சி கூறுகிறது: இந்நகரம் ஒருமுறை எரிந்தது, அது மறுபடியும் எரியாதிருக்கும்பொருட்டுச் சிலர் மண்ணை மிதித்தனர்.